செட்டிநாட்டில் சாப்பாட்டுக்கா குறை? அங்கே தாய் சேய் ஊட்டச்சத்து ஆலோசகருக்கு என்ன வேலை?

கேட்டவர் காரைக்குடிக் கல்யாணப் பந்தியை மனதில் வைத்துக் கேட்டிருக்கிறார் என்று நினைக்கிறேன். கவுனி அரிசியும் வெள்ளைப் பணியாரமும் விழுகிற இலை அது. நான் போகிற வீடுகள் வேறு. கல்லல், சாக்கோட்டைப் பக்கத்துச் சிற்றூர்களில் கர்ப்பிணிகளையும் கைக்குழந்தைகளையும் பார்க்கிறேன். பல வீடுகளில் கணவர் சிங்கப்பூரில் இருப்பார். மாமியாரும் மருமகளும் குழந்தையும் மட்டும்தான். அரிசி பருப்பு இருக்கிறது, கொல்லையில் முருங்கை நிற்கிறது, அங்கன்வாடியிலிருந்து சத்துமாவு வருகிறது. சட்டியில் இருந்தால் அகப்பையில் வரும் என்பார்கள். இங்கே சட்டியில் இருக்கிறது, அகப்பையில்தான் வருவதில்லை. ஏன் என்று கண்டுபிடிப்பதுதான் என் வேலை.

ஒரு வீட்டில் ஒன்பது மாதப் பெண் குழந்தை. மேல்கையின் சுற்றளவை வைத்து ஊட்டக்குறையைக் காட்டும் நாடாவைச் சுற்றினேன். 12.1 சென்டிமீட்டர், மஞ்சள் பட்டை; அதாவது மிதமான ஊட்டக்குறை. 11.5க்குக் கீழே போனால் சிவப்பு, உடனே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். "மூன்று வேளையும் சோறு ஊட்டுகிறோமே" என்றார் அந்த அப்பத்தா. பொய்யில்லை. கிண்ணத்தை வாங்கிப் பார்த்தேன். சோற்றைக் கரைத்து, வடிகட்டி, ரசம் விட்டிருந்தார். கரண்டியில் எடுத்துச் சாய்த்தேன், தண்ணீராக ஓடியது. "கெட்டியாகக் கொடுத்தால் விக்கிக்கொள்ளும் ஆத்தா" என்றார். அந்தப் பயம் அன்பிலிருந்து வருவது; அதை அதட்டிப் போக்க முடியாது. அடுப்படியிலேயே உட்கார்ந்து, அதே சோற்றில் வெந்த துவரம்பருப்பும் அரைக்கரண்டி நெய்யும் சேர்த்து விரலால் மசித்தேன். இப்போது கரண்டியைச் சாய்த்தாலும் விழவில்லை. அப்பத்தா கையாலேயே ஊட்டச் சொன்னேன். குழந்தை நாக்கைச் சுழற்றி, முகம் சுளித்து, பிறகு விழுங்கிவிட்டு மறுபடியும் வாயைத் திறந்தது. அந்த வயதுக்கு அரைக்கிண்ணம் வீதம் மூன்று நான்கு வேளை வேண்டும். சிறுவயிறு கொள்ளும் அளவே கொஞ்சம்; அதைத் தண்ணீரால் நிரப்பினால் குழந்தை எப்படித் தேறும்?

தாய்மார்களிடம் நான் படும் பாடு இரும்புச்சத்து மாத்திரை. கர்ப்பத்தில் நான்காம் மாதத்திலிருந்து தினம் ஒன்று, 180 நாள். வாங்கிக்கொள்வார்கள், விழுங்கமாட்டார்கள். குழந்தை கறுத்துவிடும் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். மலம் கறுப்பாகப் போவதைப் பார்த்ததும் நம்பிவிடுகிறார்கள். அது மாத்திரையின் நிறம்தான், குழந்தையின் நிறத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. விழுங்குகிறவர்களில் சிலர் டீயோடு விழுங்குவார்கள். டீ அந்தச் சத்தை உடம்பில் சேரவிடாது. சுண்ணாம்புச்சத்து மாத்திரையையும் அதே நேரத்தில் போடக் கூடாது. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு தண்ணீரோடு போடுவதுதான் பழக்கத்துக்கு எளிது.

இவ்வூர்ப் பழக்கங்களை எல்லாம் எதிர்த்தால் யாரும் கதவு திறக்கமாட்டார்கள், எதிர்க்கவும் தேவையில்லை. உளுந்து, பாசிப்பருப்பு, கருப்பட்டி, நெய் சேர்த்துக் கிண்டும் கும்மாயத்தைப் பெண்களுக்கு வலு தரும் என்று கொடுத்தவர்கள் இந்த ஊர்ப் பாட்டிகள்தான். அதை நான் மனதாரப் பாராட்டுவேன். பிறந்த குழந்தைக்குச் சேனை வைப்பதில் மட்டும் விட்டுக்கொடுக்கமாட்டேன். சர்க்கரைத் தண்ணீரோ தேனோ ஒரு சொட்டுகூட வேண்டாம். முதல் ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால், ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும்.

இந்த வேலைக்கு வர நினைப்பவர்கள் ஊட்டச்சத்துப் படிப்பைப் படித்துவிட்டு வாருங்கள். ஆனால் மருமகளைத் தனியே கூப்பிட்டுப் பேசி முடித்துவிட்டுக் கிளம்பாதீர்கள். அகப்பை மாமியார் கையில் இருக்கிறது. காலையில் போனால் நூறு நாள் வேலைக்குப் போயிருப்பார்கள். வீட்டில் சமையல் நடக்கிற நேரத்தைக் கேட்டுவைத்துக்கொண்டு அப்போது போங்கள். சட்டியில் என்ன வெந்தது, குழந்தை கிண்ணத்தில் எது விழுந்தது, எல்லோரும் சாப்பிட்ட பிறகு மருமகள் தட்டில் என்ன மிஞ்சியது என்று மூன்றையும் நேரிலேயே பார்த்துவிடலாம்.