ஸ்பீக்கருக்கு ஏற்ற ஆம்ப் எது? வாசகர் கேள்வி – பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஆம்ப்ளிஃபயர் பற்றித்தான். அதனால் இந்த முறை மற்றதையெல்லாம் தள்ளி வைத்துவிட்டு, அவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: அப்பா 1990களில் வாங்கிய மரப்பெட்டி ஸ்பீக்கர் ஒரு ஜோடி இருக்கிறது. 8 அங்குல வூஃபர், பின்னால் 8 ஓம், 60 வாட் என்று போட்டிருக்கிறது. ஆம்ப் போய்விட்டது. கடையில் 5.1 ரிசீவர் வாங்கச் சொல்கிறார்கள். நண்பரோ, பெரிய ஆம்ப் போட்டால் ஸ்பீக்கர் எரிந்துவிடும், 20 வாட் போதும் என்கிறார். 12க்கு 14 அடி அறை. எதை வாங்குவது? – வாசகர், தென்காசி

முதலில் ஆம்பை மறந்துவிட்டு ஸ்பீக்கரின் முன்பக்கத் துணியைக் கழற்றுங்கள். பேஸ் தருகிற பெரிய வட்டம்தான் வூஃபர், அதன் கூம்பைச் சுற்றி ஒரு வளையம் இருக்கும், அதை விரலால் மெதுவாகத் தொட்டுப் பாருங்கள். ரப்பரோ துணியோ என்றால் கவலையில்லை. ஃபோம் என்றால், இத்தனை வருஷ ஈரக்காற்றில் மக்கி, கறுப்புப் பொடியாக விரலோடு ஒட்டிக்கொண்டு வரும். அந்த வளையத்தை மட்டும் மாற்றித் தருகிறவர்கள் இருக்கிறார்கள், அந்த வேலையை முடித்துவிட்டுத்தான் ஆம்புக்குப் பணம் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் எதைப் போட்டாலும் கரகரப்புத்தான். அப்புறம் ஒயரைக் கழற்றிவிட்டு மல்டிமீட்டரை இரண்டு டெர்மினலிலும் வையுங்கள். 8 ஓம் ஸ்பீக்கர் 6 அல்லது 6.5 என்றுதான் காட்டும், பயப்பட வேண்டாம். மீட்டர் காட்டுவது கம்பிச் சுருளின் டிசி தடை. ஸ்டிக்கரில் இருக்கும் 8 என்பது பாட்டு ஓடும்போது ஆம்ப் சந்திக்கிற தடைக்கு வைத்த ஒரு பொதுவான பெயர், அதுவும் ஒவ்வொரு சுருதிக்கும் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும்.

இனி வாட். ஸ்பீக்கரில் வாட்டைவிட முக்கியமான ஒரு எண் இருக்கிறது, அதைத்தான் யாரும் பார்ப்பதில்லை: சென்சிட்டிவிட்டி. 1 வாட் கொடுத்து 1 மீட்டர் தள்ளி அளந்தால் எத்தனை டெசிபல் சத்தம் வருகிறது என்பது அது. வீட்டு ஸ்பீக்கர்களில் பெரும்பாலும் 85 முதல் 90க்குள் இருக்கும். உங்களுடையதை 87 என்று வைத்துக்கொள்வோம். உங்கள் அறையில் 3 மீட்டர் தள்ளி உட்கார்ந்தாலும், இரண்டு ஸ்பீக்கரும் சேர்ந்து, வெறும் 1 வாட்டிலேயே 80 டெசிபலைத் தாண்டிவிடும். நாம் சாதாரணமாகப் பேசுவது 60 டெசிபல் சுமார். அப்படியானால் 1 வாட் போதுமே என்று தோன்றும். ஆனால் பாட்டு ஒரே மட்டத்தில் போவதில்லை. மிருதங்கத்தில் ஒரு தட்டு, தவிலில் ஒரு அடி விழுகிற அந்தக் கணத்தில் சராசரியைவிட 15 டெசிபல் மேலே போகும், 15 டெசிபலுக்கு 30 மடங்கு பவர் வேண்டும். ஆக 30 வாட். கொஞ்சம் கையிருப்பு வைத்து, 8 ஓமில் 40 முதல் 60 வாட் ஆர்எம்எஸ் (விடாமல் தொடர்ந்து தரக்கூடிய பவர்) தருகிற ஸ்டீரியோ ஆம்ப் உங்கள் அறைக்கு மிகச் சரியாக இருக்கும். 50க்குப் பதில் 100 வாட் வாங்கினால் கூடுதலாகக் கிடைப்பது 3 டெசிபல்தான். இரண்டு மடங்கு சத்தமாகக் காது உணர வேண்டுமென்றால் பவர் பத்து மடங்கு வேண்டும்.

நண்பர் சொல்வதில்தான் எனக்குக் கவலை. சின்ன ஆம்ப் பாதுகாப்பு என்று நினைப்பது பலருக்கும் உண்டு. என் மாமா வீட்டில் 60 வாட் ஸ்பீக்கரின் இரண்டு ட்வீட்டரும் (மேல் சுருதிக்கான சின்ன ஸ்பீக்கர்) ஒரே பொங்கலன்று போயின, போட்டிருந்தது 15 வாட் ஆம்ப். ஆள் கூடக் கூட வால்யூமை ஏற்றிக்கொண்டே போனோம். ஆம்ப் தன் எல்லையைத் தொட்டதும் அலையின் உச்சியைத் தட்டையாக வெட்டிவிடும். அதற்கு மேல் வால்யூமைத் திருகினால் பேஸ் ஏறாது, வெட்டுப்பட்ட அலையிலிருந்து வரும் கீச்சொலியும் ஏற்கெனவே இருக்கிற மேல் சுருதியும் சேர்ந்து ட்வீட்டருக்குப் போகும். ட்வீட்டரின் சுருள் தலைமுடி அளவு மெல்லிய கம்பி, தொடர்ந்து சில வாட்டுக்கு மேல் அது தாங்காது. மறுநாள் திறந்து பார்த்தபோது சுருள் பழுப்பாகி அடுப்பில் கருகிய வாடை அடித்தது இன்னும் ஞாபகம் இருக்கிறது. பெரிய ஆம்பை அளவாகத் திருகுவதில் ஆபத்து குறைவு. சத்தம் கரடுமுரடாக மாறுகிற இடம் தெரிந்ததும் இறக்கிவிட வேண்டும், எந்த ஆம்பானாலும்.

5.1 ரிசீவர் படம் பார்ப்பவர்களுக்கு நல்ல பொருள். இரண்டு ஸ்பீக்கரில் பாட்டு மட்டும் கேட்கிற உங்களுக்கு, அதே காசில் ஐந்து சேனலுக்கும் வீடியோ வேலைகளுக்கும் பங்கிட்ட பெட்டியைவிட, இரண்டு சேனலுக்கே முழுக் காசையும் போட்ட இன்டகிரேட்டட் ஆம்ப் (வால்யூம் கட்டுப்பாடும் பவரும் ஒரே பெட்டியில் இருப்பது) நன்றாகப் பாடும். ரேடியோவும் வேண்டுமென்றால் ஸ்டீரியோ ரிசீவர், அவ்வளவுதான் வித்தியாசம்.

கேள்வி: ஆன்லைனில் உள்ளங்கை அளவு டி கிளாஸ் ஆம்ப், 100+100 வாட் என்று போட்டு மிக மலிவாகக் கிடைக்கிறது. நம்பலாமா? வீட்டில் 12 வோல்ட் அடாப்டர் இருக்கிறது. – வாசகர், கரூர்

ஆம்பை நம்பலாம், பெட்டியில் அச்சடித்த எண்ணை நம்ப வேண்டாம். நீங்களே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இந்த மாதிரி ஆம்ப் தன் அடாப்டரின் வோல்டேஜுக்கு மேல் ஸ்பீக்கருக்கு எதையும் தர முடியாது. வோல்டேஜை அதனாலேயே பெருக்கி, ஸ்பீக்கர் ஓமின் இரண்டு மடங்கால் வகுத்தால் அதிகபட்ச வாட் வந்துவிடும். 12 வோல்ட், 8 ஓம் என்றால் 144ஐ 16ஆல் வகுக்க 9 வாட். பழைய லேப்டாப்பின் 19 வோல்ட் அடாப்டரில் 22 வாட் வரும், 24 வோல்ட்டில் 36. இதுவும் இழப்பு எதுவும் இல்லாமல் போட்ட கணக்கு. டிபிஏ3116 என்ற சிப் இருக்கிற ஆம்ப் என்றால் 24 வோல்ட்டைத் தாங்கும், ஆனால் ஆர்டர் போடும் முன் அந்த ஆம்ப் எத்தனை வோல்ட் வரை ஏற்கும் என்று பார்த்துவிடுங்கள், போர்டில் இருக்கும் கெபாசிட்டர் 25 வோல்ட் வகையாக இருந்தால் 24 போடாதீர்கள். படிக்கிற மேஜையில், சின்ன படுக்கையறையில் 20 வாட் ஆம்ப் மனம் நிறையப் பாடும். பிஎம்பிஓ, அதாவது ஒரு கணத்து உச்ச பவர், என்று ஆயிரக்கணக்கில் வாட் போட்டு விற்ற காலத்தை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். எந்தப் பெட்டியிலும் தேட வேண்டிய வரி ஒன்றுதான்: எத்தனை ஓமில், எத்தனை சேனல் ஒன்றாக ஓடும்போது, எத்தனை சதவீத டிஸ்டார்ஷனில் (ஒலிச் சிதைவில்), எத்தனை வாட். 10 சதவீத டிஸ்டார்ஷனில் 100 வாட் என்று போட்டிருந்தால் அந்த 100 உங்கள் காதுக்குப் பயன்படாது.

கேள்வி: 4 ஓம் டவர் ஸ்பீக்கர் வாங்கி, ஏற்கெனவே இருந்த ரிசீவரில் மாட்டினேன். வால்யூம் பாதியைத் தாண்டினால் ரிசீவர் தானாக நின்றுவிடுகிறது. ஸ்பீக்கர் கோளாறா? – வாசகர், கோவை

ரிசீவரின் பின்பக்கம், ஸ்பீக்கர் டெர்மினலுக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் 6 முதல் 16 ஓம் என்று இருக்கிறதா பாருங்கள். ஒரே வோல்டேஜில் 4 ஓம் ஸ்பீக்கர் 8 ஓமைவிட இரண்டு மடங்கு கரன்ட் இழுக்கும், சில சுருதியில் 4க்கும் கீழே இறங்குவதுண்டு. அந்தக் கரன்டைத் தர உங்கள் ரிசீவரின் டிரான்ஸ்ஃபார்மருக்கும் டிரான்சிஸ்டருக்கும் தெம்பு இல்லையென்றால் எரிவதற்கு முன்பே நின்றுகொள்ளும். அப்படி நிற்பது நல்லதுதான்.

அதற்குமுன் ஒரு சோதனை. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஸ்பீக்கர் ஒயர் டெர்மினலுக்குள் போகிற இடத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். செம்பு இழை ஒன்றே ஒன்று, பூனை மீசை மாதிரி, சிவப்பிலிருந்து கறுப்பு டெர்மினலையோ பக்கத்துத் தகரத்தையோ தொட்டுக்கொண்டிருந்தாலும் இதே மாதிரிதான் நிற்கும். இழைகளை நன்றாக முறுக்கி மறுபடி மாட்டுங்கள். ரிசீவர் மேல் செட்டாப் பாக்ஸ் வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள், மேலே ஒரு ஜாண் இடம் காலியாக இருக்க வேண்டும், நம் ஊர் ஏப்ரல், மே வெயிலில் மூடிய டிவி அலமாரிக்குள் எந்த ஆம்பும் திணறும். மெனுவிலோ பின்னாலோ 4 ஓம் என்று மாற்றும் வசதி சிலவற்றில் இருக்கிறது. அதைப் போட்டால் பெரும்பாலும் உள்ளே வோல்டேஜ் குறையும், சூடு குறையும், பவரும் சேர்ந்தே குறையும். இதையெல்லாம் செய்தும் நின்றால், 4 ஓமில் இத்தனை வாட் என்று தனியாகக் குறிப்பிட்டிருக்கிற ஆம்புக்கு மாறுங்கள். 8 ஓமில் 50, 4 ஓமில் 80 அல்லது 90 என்று ஏறினால் அது தெம்புள்ள ஆம்ப். ஸ்பீக்கரின் மேல் குற்றமில்லை.

கேள்வி: சவுண்ட் சர்வீஸ் வைத்திருந்த சித்தப்பாவிடம் 100 வாட் மைக் செட் ஆம்ப் சும்மா கிடக்கிறது. அதில் வீட்டு ஸ்பீக்கர் மாட்டலாமா? – வாசகர், உசிலம்பட்டி

பின்னால் இருக்கும் டெர்மினல் வரிசையைப் பாருங்கள். 100 வோல்ட் லைன் என்ற டெர்மினலில் வீட்டு ஸ்பீக்கரைக் கனவிலும் மாட்டாதீர்கள். தெருக்கோடி வரை நீளமாக ஒயர் இழுத்து, ஒவ்வொரு குழாய் ஸ்பீக்கருக்கும் ஒரு லைன் டிரான்ஸ்ஃபார்மர் போட்டு ஓட்டுவதற்கான டெர்மினல் அது. 100 வோல்ட்டை நேராக 8 ஓமில் போட்டால் கணக்குப்படி 1250 வாட் இழுக்கப் பார்க்கும், ஆம்போ ஸ்பீக்கரோ ஒன்று போகும். அதே வரிசையில் 8 ஓம் என்று தனி டெர்மினல் இருந்தால் அதில் மாட்டிக் கேட்கலாம், தவறில்லை. ஆனால் அது மோனோ, இடம் வலம் இரண்டும் வேண்டுமென்றால் இரண்டு ஆம்ப் வேண்டும். பேச்சு தூரத்துக்குக் கேட்க வேண்டும் என்று செய்த பொருளில் வீணையின் அடிநாதத்தை எதிர்பார்க்க முடியாது. சித்தப்பாவின் ஆம்ப் அதன் வேலையில் ராஜா, கோயில் கொடைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அமெரிக்காவிலிருந்து அக்கா ஒரு ஸ்டீரியோ ரிசீவர் கொண்டுவந்திருக்கிறார். பிளக்கை மட்டும் மாற்றினால் போதுமா? – வாசகி, சென்னை

போதாது, இன்னும் மாட்டவில்லை என்றால் மாட்டவே வேண்டாம். பின்னால் 120 வோல்ட் என்று மட்டும் இருந்தால் நம் 230ஐக் கொடுத்த நொடியில் ஃபியூஸோ டிரான்ஸ்ஃபார்மரோ போய்விடும். 230ஐ 110ஆக இறக்கும் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் ரிச்சி தெருவில் கிடைக்கும், ரிசீவரின் பின்னால் போட்டிருக்கும் வாட்டைவிட அதன் அளவு நன்றாகக் கூடுதலாக இருக்கட்டும். இன்னொன்று, வாங்கிய பிறகுதான் பலருக்குத் தெரியும்: அங்கே எஃப்எம் நிலையங்கள் 98.1, 98.3 என்று ஒற்றைப்படையிலேயே முடிவதால் அந்த ஊர் ரிசீவர்கள் பலவும் அந்தப் படியில்தான் தாவும். கொடைக்கானல் 100.5 மாதிரி எண் என்றால் சரியாகப் பிடிக்கும், சென்னை வானொலியின் 101.4 சரியாக உட்காராது. படியை மாற்றும் வசதி இருக்கிறதா என்று மேனுவலில் தேடிப் பாருங்கள்.

கேள்வி: ஹாலில் ஒரு ஜோடி, சமையலறையில் ஒரு ஜோடி, ஒரே ஆம்பில் ஓட்டலாமா? – வாசகி, திருச்சி

இரண்டு ஜோடியும் 8 ஓம் என்றால், பெரும்பாலான ஆம்பில் ஒவ்வொரு ஜோடிக்கும் உள்ள ஏ, பி பொத்தான் இரண்டையும் ஒன்றாக அழுத்தும்போது ஆம்புக்கு 4 ஓம் தெரியும். ஆம்ப் அதைத் தாங்கும் என்று பின்னால் எழுதியிருந்தால் ஓட்டுங்கள். இரண்டும் 4 ஓம் என்றால் 2 ஆகிவிடும், வேண்டாம். சமையலறை வரை ஒயர் 10 மீட்டருக்கு மேல் போனால் 2.5 ஸ்கொயர் எம்எம், அதற்குள் என்றால் 1.5 போதும். விலை கூடிய ஒயருக்கு அவசியமே இல்லை.

கேள்வி: புது ஆம்ப் மாட்டியதிலிருந்து பேஸே இல்லை. பழைய 30 வாட்டில் நன்றாக இருந்தது, இது 70 வாட். ஏமாந்துவிட்டேனா? – வாசகர், நாகர்கோவில்

ஆம்பைத் திருப்பிக் கொடுக்கும் முன் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். ஒரு ஸ்பீக்கரில் சிவப்பும் கறுப்பும் இடம் மாறியிருக்கும் என்று நினைக்கிறேன். ஒரு கூம்பு வெளியே வரும்போது இன்னொன்று உள்ளே போனால் இரண்டின் பேஸும் ஒன்றையொன்று தின்றுவிடும். ஸ்பீக்கர் ஒயர் இரண்டையும் ஆம்பிலிருந்து கழற்றிவிட்டு, கடிகாரத்துக்குப் போடும் 1.5 வோல்ட் பேட்டரி ஒன்றை எடுத்து, சிவப்பு டெர்மினலுக்குப் போகிற முனையில் பிளஸ், மற்றதில் மைனஸ் என்று ஒரே ஒரு நொடி தொட்டு எடுங்கள். டப் என்று சத்தம் வரும், வூஃபர் கூம்பு வெளியே எட்டிப் பார்க்கும். அடுத்த ஸ்பீக்கரிலும் அதே மாதிரி. ஒன்று வெளியேயும் மற்றது உள்ளேயும் போனால் அந்த ஒயரை மட்டும் மாற்றி மாட்டுங்கள். பிறகு ரேடியோவில் செய்தி வாசிக்கிற குரலைப் போட்டு இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில் உட்காருங்கள். குரல் அறையெங்கும் சிதறாமல், எதிரே நடுவில் ஒரு ஆள் உட்கார்ந்து படிக்கிற மாதிரி வந்தால் சரி. அதற்குப் பிறகும் பேஸ் இல்லையென்றால் ஸ்பீக்கர் மாடல் எண்ணையும் ஆம்பின் பின்பக்கப் படத்தையும் அனுப்புங்கள், அடுத்த மாதம் பார்க்கலாம்.