விரத நாளில் உடம்பு எதை எரிக்கிறது? கேள்வி பதில்

கேள்வி: வைகுண்ட ஏகாதசிக்கு ஆண்டுதோறும் தண்ணீர் மட்டும் அருந்தி விரதம் இருக்கிறேன். மாலைக்குள் வாயில் ஒரு வாடை வந்துவிடுகிறது. கொழுப்பு கரைவதற்கு இது அடையாளமா?

பதில்: ஓரளவுக்குத்தான் அம்மா. முதல் நாள் இரவு எட்டு மணிக்கு உண்டது செரித்து முடிந்ததும், கல்லீரல் கிளைக்கோஜன் வடிவில் சேர்த்து வைத்துள்ள ஏறத்தாழ 100 கிராம் மாவுச்சத்தை உடைத்து, சிறிது சிறிதாக இரத்தத்தில் விடுகிறது. இன்சுலின் இறங்க இறங்க, உடலில் சேமித்த கொழுப்பு, கிளிசராலாகவும் கொழுப்பு அமிலங்களாகவும் பிரிந்து வெளியே வருகிறது. தசைகளும் இதயமும் இந்த அமிலங்களை அப்படியே எரித்துக்கொள்ளும். மூளைக்கு அது இயலாது என்பதால், கல்லீரல் அவற்றைக் கீட்டோன்களாக மாற்றி அனுப்புகிறது. கீட்டோன்களில் ஒன்றான அசிட்டோன் மூச்சில் கலக்கும்போது, நகப்பூச்சு அழிக்கும் திரவத்தின் வாடை வீசும். ஆனால் ஒரு நாள் விரதத்தில் கீட்டோன்கள் சிறிதளவே உயரும். உமிழ்நீர் குறைந்து வாய் உலர்ந்தாலும் வாடை வரும். ஆகவே அதை அளவுகோலாகக் கொள்ள வேண்டாம். துவாதசியன்று அகத்திக்கீரையோடு பாரணைச் சோறு உண்டதும், இன்சுலின் உயர்ந்து கொழுப்பு வெளிவருவதை மீண்டும் அடக்கிவிடும்.

கேள்வி: 16 மணி நேரம் பட்டினி கிடந்தால்தான் கொழுப்பு எரியத் தொடங்குமா?

பதில்: இல்லை. உறங்கும்போதும் கொழுப்பு எரிந்துகொண்டுதான் இருக்கிறது. பட்டினி நீள நீள அதன் பங்கு கூடுகிறது, அவ்வளவே. எஞ்சிய எட்டு மணி நேரத்தில் செலவுக்கு மிஞ்சி உண்டால், எரிந்த கொழுப்பு திரும்பச் சேர்ந்துவிடும்.

கேள்வி: சோற்றை நிறுத்திய முதல் வாரம் மூன்று கிலோ இறங்கியது. அடுத்த இரண்டு வாரங்களில் ஒரு கிலோதான். எங்கே தவறினேன்?

பதில்: நீங்கள் தவறவில்லை, அந்த ஒரு கிலோதான் உண்மையான பலன். ஒரு கிராம் கிளைக்கோஜனோடு ஏறக்குறைய மூன்று கிராம் நீர் தங்கியிருக்கிறது. மாவுச்சத்தைக் குறைத்ததும் கல்லீரலிலும் தசைகளிலும் இருந்த இருப்பு தீர்ந்து, அந்த நீரும் வெளியேறியது. முதல் வார எடைக்குறைவில் பெரும்பங்கு அதுவே. ஒரு கிலோ உடற்கொழுப்பு என்பது சுமார் 7,700 கலோரி. இரண்டு வாரங்களில் அதைக் கரைக்க, நாள்தோறும் 550 கலோரி குறைத்திருக்க வேண்டும். அது சிறிய உழைப்பன்று, மனம் தளராதீர்கள்.

கேள்வி: கரைந்த கொழுப்பு வியர்வையாகவா வெளியேறுகிறது?

பதில்: பெரும்பகுதி மூச்சாகவே போகிறது. 10 கிலோ கொழுப்பு முழுதும் எரிந்தால், 8.4 கிலோ கரியமில வாயுவாகவும் 1.6 கிலோ நீராகவும் வெளியேறும்.

கேள்வி: சர்க்கரை நோய்க்கு மாத்திரை உண்ணும் என் தந்தை, 62 வயது, வாரம் இரு நாள் பட்டினி இருக்க விரும்புகிறார். அனுமதிக்கலாமா?

பதில்: மருத்துவரிடம் மாத்திரைச் சீட்டைக் காட்டாமல் அனுமதிக்காதீர்கள், இதில் நான் கண்டிப்பாகவே சொல்வேன். கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலின் ஊசியோ எடுப்பவருக்குப் பட்டினியில் சர்க்கரை அபாயமாகத் தாழ்ந்து, கை நடுக்கம், வியர்வை, மயக்கம் வரலாம். டாபாகிளிஃபுளோசின் வகை மாத்திரையில் ஆபத்து வேறு விதமானது: கீட்டோன்கள் மிகுந்து இரத்தம் அமிலமாகும்போதும், சர்க்கரை அளவு ஏறத்தாழ இயல்பாகவே தெரியக்கூடும். குமட்டல், வாந்தி, வயிற்றுவலி, மூச்சிரைப்பு தோன்றினால், சர்க்கரை சரியாக இருக்கிறதென்று வீட்டில் காத்திராமல், உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று கீட்டோன் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள்.