கழற்றி வைத்த மோட்டாருக்குக் கனெக்டர் தேடுபவருக்கு

கேள்வி: பழுதான வாஷிங் மெஷினைத் தூக்கிப்போடும் முன், மோட்டாரை மட்டும் கழற்றி வைத்துக்கொண்டேன். முன்பக்கம் கதவுள்ள பழைய மெஷின் அது. கத்தி தீட்டச் சாணைக்கல் செய்ய ஆசை. மோட்டாரில் ஆறு பின் இருக்கின்றன. அதில் செருகும் கனெக்டர் மெஷினோடு போய்விட்டது. சிம் லிம் டவரில் கடை கடையாகக் கேட்டும் கிடைக்கவில்லை. அதன் பெயர் என்ன? (வாசகர், ஈசூன்)

பதில்: மோட்டாரின் மாடல் நம்பரைக் காட்டினால் கடைக்காரர் உதட்டைத்தான் பிதுக்குவார். அளவைச் சொல்லுங்கள், எடுத்துக் கொடுப்பார்.

வெர்னியர் காலிப்பரால் ஒரு பின்னின் அகலத்தைப் பாருங்கள். தட்டையான பின் என்றால் பெரும்பாலும் 6.3, 4.8, 2.8 மி.மீ. இந்த மூன்றில் ஒன்றாக இருக்கும். அடுத்து பின்களின் இடைவெளி. இரண்டு பின்னுக்கு நடுவே அளந்தால் தவறும். முதல் பின்னின் இடது விளிம்பிலிருந்து ஆறாவதின் இடது விளிம்புவரை அளந்து ஐந்தால் வகுங்கள். 25 மி.மீ. வந்தால் இடைவெளி 5 மி.மீ. ஐரோப்பிய மெஷின்களில் அதிகம் வரும் ‘ராஸ்ட் 5’ வகையாக இருக்கலாம்.

உண்மையில் ஹவுசிங் எனப்படும் அந்தக் கனெக்டரின் பிளாஸ்டிக் கூடே உங்களுக்குத் தேவையில்லை. ஒவ்வொரு பின்னுக்கும் தனித்தனியாக, முழுக்க உறை போட்ட ஃபீமேல் லக் (வயர் முனையில் அழுத்திப் பின்னின் மேல் செருகும் உலோக முனை) போதும். ஒன்று கவனியுங்கள்: லக்கின் நிறம் வயரின் தடிமனைத்தான் சொல்லும், பின்னின் அகலத்தை அல்ல. சிவப்பு 1.5 சதுர மி.மீ. வரையிலான வயருக்கு. அதே சிவப்பிலேயே மூன்று அகலமும் உண்டு. சாதாரணக் குறடால் நசுக்காதீர்கள், கிரிம்பிங் பிளையர் வாங்குங்கள். லக்கை அழுத்தியபின் வயரைப் பிடித்து ஓங்கி இழுங்கள். கையோடு வந்தால் இப்போதே வந்தது நல்லது. லூசாக நின்றிருந்தால் ஓடும்போது சூடேறிக் கருகியிருக்கும்.

இனி எந்தப் பின் எதற்கு? ஆறு பின் என்றால் வழக்கமாக மூன்று ஜோடி. மல்டிமீட்டரை ஓம்ஸில் வையுங்கள். தண்டைக் கையால் சுற்றும்போது அளவு துள்ளினால் அது கார்பன் பிரஷ் ஜோடி. சில ஓம்ஸில் அசையாமல் நின்றால் ஃபீல்டு காயில், அதாவது சுற்றாமல் நிற்கும் சுருள். மெல்லிய வயரோடு தண்டின் முனைக்குப் போவது வேகத்தைக் காட்டும் டேகோ. அதற்குக் கரண்ட் கொடுத்தால் எரிந்துவிடும். ஃபீல்டின் ஒரு முனையைப் பிரஷின் ஒரு முனையோடு சேருங்கள். மிஞ்சும் இரண்டும் சப்ளைக்கு. சுற்றும் திசை மாற வேண்டுமானால் பிரஷ் முனைகளை மட்டும் மாற்றிக் கொடுங்கள்.

முதல் சோதனை 12 வோல்ட் பேட்டரியில்தான், மோட்டாரை வைஸில் இறுக்கிய பிறகு. இந்த வகை மோட்டாருக்குச் சுமையில்லாமல் நேரே 230 வோல்ட் கொடுத்தால் வேகம் ஏறிக்கொண்டே போகும். உள்ளே சுற்றும் ஆர்மேச்சரின் சுருளே சிதறலாம். வீட்டு ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) காப்பாற்றும் என்று இருந்துவிடாதீர்கள். அது எர்த்துக்குக் கசியும் மின்சாரத்தைத்தான் கண்டுபிடிக்கும். ஒரு கை லைவிலும் மறு கை நியூட்ரலிலும் பட்டால் அதற்குத் தெரியாது. மோட்டார் உடம்புக்கு எர்த் வயரும் கட்டாயம்.

சாணைக்கல்லுக்கு மட்டும் நான் தலையாட்ட மாட்டேன். கல்லின் மேல் அச்சிட்டிருக்கும் உச்ச வேகத்தைப் பாருங்கள். டேகோவைப் படித்து வேகத்தைக் கட்டுப்படுத்தும் போர்டு பொருத்தாதவரை இந்த மோட்டார் அதைத் தாண்டிவிடும்.