தேசிக்காய் சீனியை முறிக்குமா?

கேள்வி: டொக்டர், நாங்கள் உப்புவெளியில் இருக்கிறோம். ஆடி மாதம் கனடாவில் இருந்து அண்ணன் குடும்பம் வருகிறது. சொந்தக்காரர் முப்பது பேர் வரை சேர்ந்து நிலாவெளிக் கடற்கரையில் ஒரு ஒன்றுகூடல் வைக்கிறோம். கடைச் சோடா வாங்காமல், பழங்கள் போட்ட தேசிக்காய்த் தண்ணீர் நானே செய்யலாம் என்று நினைத்திருக்கிறேன். ஆறு லீற்றருக்கு ஒரு கிலோ சீனி, வத்தகப்பழம், அன்னாசி, எங்கள் வளவில் காய்க்கும் காமரங்காய். அம்மாவுக்கு நீரிழிவு. பெரியப்பாவுக்குச் சிறுநீரகம் பலவீனம் என்று கிளினிக்கில் சொல்லியிருக்கிறார்கள். "தேசிப்புளி சீனியை முறித்துவிடும், எல்லாரும் குடிக்கலாம்" என்கிறார் மாமி. உண்மையா?

பதில்: மாமியோடு சண்டைக்குப் போகவேண்டாம். அவர் சொன்னதில் பாதி சரி. புளிப்பு சீனியை மறைக்கும், ஆனால் நாக்கில் மட்டும். வயிற்றுக்குள் இறங்கிய பிறகு அந்தச் சீனி ஒரு கிராம்கூடக் குறையாது. வெறும் தண்ணீரில் எட்டுத் தேக்கரண்டி சீனியைக் கரைத்துக் கொடுத்தால் யாரும் குடிக்க மாட்டார்கள், குமட்டும். அதே தண்ணீரில் ஒரு தேசிக்காயைப் பிழிந்துவிடுங்கள், இரண்டாவது கிளாஸும் கேட்பார்கள்.

எட்டுத் தேக்கரண்டி என்று சும்மா சொல்லவில்லை. ஆறு லீற்றருக்கு ஒரு கிலோ என்றால் 200 மில்லி கிளாஸ் ஒன்றில் ஏறத்தாழ 33 கிராம். தட்டையாக அள்ளிய தேக்கரண்டிக்கு 4 கிராம் வைத்துப் பாருங்கள். வளர்ந்த ஒருவர் ஒரு நாளில் சேர்க்கும் சீனி 50 கிராமைத் தாண்டக்கூடாது, 25 கிராமுக்குள் நின்றால் இன்னும் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. கடைப் போத்தல்களில் 2016 முதல் சிவப்பு, செம்மஞ்சள், பச்சை என்று ஒரு வட்டம் போடுகிறார்களே, அதில் 100 மில்லிக்கு 11 கிராமைத் தாண்டினால் சிவப்பு. உங்கள் பானத்தில் 16 கிராமுக்கு மேல் வருகிறது. சோடா வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டு அதைவிட இனிப்பானதைத்தான் கலக்கப் போகிறீர்கள்!

300 கிராம் போதும். நம்புவதற்குக் கஷ்டமாக இருக்கும், ஒருமுறை இப்படிச் செய்து பாருங்கள். இருபது, இருபத்தைந்து தேசிக்காயைக் கழுவித் துடைத்து, நாலைந்து காயின் பச்சைத் தோலை மட்டும் மெல்லியதாகச் சீவி, அந்தச் சீனியோடு கையால் பிசைந்து அரைமணி நேரம் மூடி வையுங்கள். தோலில் உள்ள எண்ணெயைச் சீனி இழுத்து, ஈரமாகிப் பளபளக்கும். மூடியைத் திறந்தால் வாசனை விறாந்தைவரை வரும். அந்த மணம் இருந்தால் நாக்கு அதிக இனிப்பைத் தேடாது. வெள்ளைத் தோல் சேர்ந்தால் கசக்கும், கவனம். அதில் கொஞ்சம் கொதித்த நீர் விட்டுக் கரைத்து வடித்தால் பாகு தயார்.

இந்தப் பாகைப் பானைக்குள் ஊற்றவேண்டாம். இதுதான் நான் சொல்லவந்ததிலேயே முக்கியமானது. பானையில் கொதித்தாறிய தண்ணீர், தேசிச்சாறு, நறுக்கிய அன்னாசி, கசக்கிய புதினா. இவ்வளவுதான். வத்தகப்பழத்தை அடித்து வடித்தது ஒரு ஜக்கில். பாகு இன்னொரு ஜக்கில். வேண்டியவர் வேண்டிய அளவு ஊற்றிக்கொள்ளட்டும். அம்மாவுக்கு என்று தனியாக ஒரு கிளாஸை ஒளித்து வைக்கத் தேவையில்லை, அவரும் எல்லாரோடும் அதே பானையில் எடுப்பார். "உனக்கு வேற, எங்களுக்கு வேற" என்று பந்தியில் பிரித்து வைத்தால், வருத்தக்காரர் கண் தப்பிய நேரத்தில் மற்றதைத்தான் குடிப்பார். கிளினிக்கில் இதை நிறையக் கேட்டிருக்கிறேன். பழச்சாற்றில் இருக்கும் இனிப்பும் சீனிக் கணக்கில்தான் சேரும் என்பதால், வத்தகச் சாறு அம்மாவின் கிளாஸில் ஒரு வாய் அளவோடு நிற்கட்டும். பழமாக ஒரு சிறு துண்டு சாப்பிடலாம்.

அம்மா நீரிழிவுக்குக் குளிசை எடுத்துவிட்டு, வெயிலில் சாப்பாடு பிந்தி, கை நடுங்கி வியர்த்தால் மட்டும் கதை மாறும், இரத்தத்தில் சீனி அளவுக்கு மீறி இறங்கியிருக்கும். அப்போது மூன்று, நாலு தேக்கரண்டி சீனி கரைத்த அரைக் கிளாஸ் உடனே கொடுக்கவேண்டும். அந்த நேரம் அது மருந்து.

இனிக் காமரங்காய். குறுக்கே வெட்டினால் நட்சத்திரம் போல வரும், கிளாஸ் விளிம்பில் செருகினால் படத்துக்கு அழகு. ஆனால் தயவுசெய்து அதை இந்த ஒன்றுகூடலுக்குக் கொண்டுபோகாதீர்கள். அதில் நரம்பைத் தாக்கும் ஒரு நஞ்சு உண்டு. நல்ல சிறுநீரகம் அதைச் சிறுநீரோடு வெளியேற்றிவிடும், எங்களுக்குத் தெரிவதே இல்லை. பழுதான சிறுநீரகத்தால் முடியாது. சிலருக்கு ஒரு பழமே போதும். முதலில் நிற்காத விக்கல் வரும், பிறகு வாந்தி, தடுமாற்றம், வலிப்பு. உயிர் போனவர்களும் உண்டு. பெரியப்பா குடிக்கமாட்டார், மற்றவர்களுக்குப் போடலாமே என்று கேட்பீர்கள். நீரிழிவு நீண்டகாலம் இருந்தவர்களின் சிறுநீரகம் சத்தமில்லாமல் பழுதாகும். அம்மாவுக்கும், முப்பது பேரில் இன்னும் யாருக்கும், அது எந்த நிலையில் இருக்கிறது என்று சோதிக்காமல் சொல்லமுடியாது. இதில் ஒக்சலேட் என்ற, சிறுநீரகத்தில் படிகமாகப் படியக்கூடிய பொருளும் அதிகம். நல்ல சிறுநீரகம் உள்ளவர்கள்கூட வெறும் வயிற்றில் இதன் சாற்றை நிறையக் குடித்துச் சிறுநீரகம் அடைபட்டு வந்திருக்கிறார்கள். கொலஸ்ட்ரோல் குறையும் என்று பிலிம்பிக்காயைச் சாறாக அடித்துக் குடிப்பதிலும் இதே ஆபத்து உண்டு. கறியில் ஓரிரு துண்டு போடுவது வேறு, கிளாஸ் கிளாஸாகக் குடிப்பது வேறு.

பெரியப்பாவுக்கு மெல்லிய தேசித் தண்ணீர் அரைக் கிளாஸ் கொடுக்கலாம், உப்புப் போடாமல். ஒரு நாளைக்கு இவ்வளவு தண்ணீர்தான் என்று அளவு சொல்லியிருந்தால் அதற்குள் இதையும் கணக்கிடுங்கள். கடற்கரையில் எல்லாரும் இளநீர் வெட்டும்போது அவருக்கும் ஒன்று நீட்டிவிடாதீர்கள். இளநீரில் பொட்டாசியம் அதிகம், அது இரத்தத்தில் கூடினால் இதயத் துடிப்பு குழம்பும். தோடம்பழச் சாறும் அப்படித்தான்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். தேசிக்காயைக் கடற்கரையில் வைத்துப் பிழியவேண்டாம். ஒருமுறை ஓர் இளம்பெண் வந்தார். இரண்டு கையிலும் விரலிடுக்கில் இருந்து மணிக்கட்டுவரை கோடு கோடாகச் சிவந்து, இடையிடையே நீர்க் கொப்புளம். எண்ணெய் தெறித்ததா என்று கேட்டேன். இல்லை. அடுப்பா? அதுவும் இல்லை. இரண்டு நாள் முன்பு வெயிலில் நின்று நாற்பது தேசிக்காய் பிழிந்திருக்கிறார், சாறு வழிந்த வழியே வழியாகத் தோல் வெந்திருக்கிறது. தேசியில், முக்கியமாகத் தோலில் உள்ள ஒரு பொருள் சருமத்தில் பட்டு, மேலே வெயிலும் பட்டால் சூடு பட்டதுபோல் ஆகும். உடனே தெரியாது. மறுநாளோ அதற்கு அடுத்த நாளோதான் எரியும், பிறகு கறுத்த தழும்பு மாதக்கணக்கில் நிற்கும். பிள்ளைகளின் வாயைச் சுற்றியும் இப்படி வரும். வீட்டுக் குசினியிலேயே பிழிந்து, கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டு, சாற்றைப் போத்தலில் கொண்டுபோங்கள். கசப்பு ஏறாமல் இருக்க அன்று காலையிலேயே பிழியுங்கள்.

பாத்திரமும் முக்கியம். முப்பது பேர் என்றதும் அலுமினியக் கிடாரத்தை இரவல் வாங்கத் தோன்றும், அல்லது பாட்டியின் பித்தளை அண்டாவை இறக்கத் தோன்றும். புளிப்பு இரண்டையும் அரிக்கும். எவர்சில்வர் எடுங்கள்.

ஐஸ் விஷயத்திலும் மாமி மாதிரியான நம்பிக்கை ஒன்று இருக்கிறது. தேசிப்புளி கிருமியைக் கொன்றுவிடும் என்பார்கள். கொஞ்சம் அடக்கும், கொல்லும் என்று நம்பி நெருப்புக்காய்ச்சலையும் செங்கமாரியையும் வாங்கிக்கொள்ளமுடியாது. மீன் வாடிக்குப் போகும் ஐஸை உடைத்துப் பானைக்குள் போடும் பழக்கம் நம் பக்கத்தில் உண்டு. அது மீனுக்குச் செய்தது, குடிக்கச் செய்ததல்ல. அந்த ஐஸை ரெஜிபோம் பெட்டியில் போட்டு, மூடிய போத்தல்களை அதற்குள் புதைத்துக் குளிரவையுங்கள். பானத்தில் போட வீட்டில் கொதித்தாறிய நீரில் உறையவைத்த கட்டிகள் போதும்.

குழந்தைகள் என்றால், ஒரு வயதுக்குக் குறைந்ததற்கு இது வேண்டாம், தேன் கலந்ததாக இருந்தால் ஒரு சொட்டும் வேண்டாம். மற்றவர்கள் நாள் முழுக்க உறிஞ்சிக்கொண்டே இருக்காமல் சாப்பாட்டோடு குடித்து, பிறகு வாயை வெறும் தண்ணீரால் கொப்பளிக்கட்டும். உடனே பல் தீட்டவேண்டாம், புளிப்பில் இளகிய எனாமல் தேயும், அரைமணி நேரம் பொறுக்கலாம். கச்சான் காற்று வீசும் காலத்தில் (கடலை அல்ல, காற்று) வியர்வை வந்ததும் காய்ந்துவிடும், எவ்வளவு நீர் போனது என்று பிள்ளைகளுக்குத் தெரியாது. விளையாட்டை நிறுத்திக் கூப்பிட்டுக் குடிக்கக் கொடுங்கள். வயிற்றோட்டம் பிடித்தால் இந்தத் தண்ணீரைக் கொடுக்காமல் ஜீவனி (வயிற்றோட்டத்துக்குக் கொடுக்கும் உப்பு-சீனித் தூள்) கரைத்துக் கொடுங்கள், சீனி கூடினால் வயிற்றோட்டமும் கூடும்.

மிஞ்சினால் என்ன செய்வது என்றும் கேட்பீர்கள். பழத்துண்டு மிதக்கும் பானம் அந்த வெயிலில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நின்றிருந்தால், எவ்வளவு ஆசையாகச் செய்திருந்தாலும் மணலில் ஊற்றிவிடுங்கள். பெட்டிக்குள் மூடியபடி குளிர்ந்து கிடக்கும் சாறும் பாகும் மட்டும் வீட்டுக்குத் திரும்பலாம்.