மூன்றே கருவி, ஆனாலும் நெரிசல்: பென்னாகரம் நண்பருக்கு

பழைய 8-பிட் நின்டெண்டோ விளையாட்டில் குகைக் கட்டத்துக்கு வரும் பாட்டை மெதுவாக்கி, வயலின், செலோ, ஓபோ (ஊதுகுழல் வகை) மூன்றுக்கும் பிரித்துக் கொடுத்து, அடியில் ஒகேனக்கல் அருவிச் சத்தமும் சேர்த்திருக்கிறீர்கள். ஆனாலும் வெறுமை வரவில்லை, நெரிசலாகவே கேட்கிறது என்கிறீர்கள்.

எனக்குச் சந்தேகம், வயலினுக்குக் கொடுத்திருக்கும் அந்த ஓயாத ஆர்பெஜியோ (சுரங்களை ஒன்றன்பின் ஒன்றாக வாசிப்பது) மேல்தான். அந்த நின்டெண்டோவின் ஒலிச் சிப்பில் இருந்தது ஐந்தே சேனல்: இரண்டு பல்ஸ், ஒரு டிரையாங்கிள் (இவை சுரங்களுக்கு), ஒரு நாய்ஸ் (இரைச்சல்), அப்புறம் பதிவு செய்த ஒலிக்கு ஒரு சாம்பிள் சேனல். முழு கார்டு (chord, பல சுரங்கள் ஒன்றாக ஒலிப்பது) பிடிக்க இடமில்லாததால் சுரங்களை ஒவ்வொன்றாக வேகமாக ஓட்டினார்கள். உங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லையே! அதைத் தூக்கிவிடுங்கள். செலோவில் ச-ப மட்டும் நீளமாக நிற்கட்டும். காந்தாரத்தை யாரும் பிடிக்க வேண்டாம், ஓபோவின் மெட்டில் வரும்போது கேட்டால் போதும். வயலின் இரண்டு ஆக்டேவ் (ஸ்தாயி) மேலே, ஒற்றைச் சுரத்தில், மிக மெல்லியதாக. நடுவில் காலியாக இருக்கும் இடம் ஓபோவுக்கு.

அருவிச் சத்தம் எல்லா அதிர்வெண்ணிலும் பரவும், மெல்லிய வயலினை விழுங்கிவிடும். லோ-பாஸ் ஃபில்டர் போட்டு 800 ஹெர்ட்ஸுக்கு மேலே குறைத்துப் பாருங்கள். இன்னொன்று: மூலத்தில் நாய்ஸ் சேனல் தாளம் போட்ட இடங்களில் மட்டும் அருவியை எழுப்பி இறக்கலாம். ஒகேனக்கல் ஐந்தருவி இரைச்சலைவிடப் பரிசல் துறையில் தண்ணீர் தளும்பும் ஓசை இதற்குப் பொருந்தும் என்பது என் கருத்து.

ரிவெர்ப்பில் (எதிரொலி போல் நீளும் ஒலி) 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள். சரி, ரிவெர்ப் போடாத பிரதி ஒன்றை ஏற்றுங்கள், கேட்டுச் சொல்கிறேன்.