ஜாக்கெட்டுக்கு முன் ஃபேன்

கேள்வி: நானும் நண்பரும் கொழும்புக் காலிமுகத்திடலின் கடலோர நடைபாதையை வி.ஆரில், அதாவது ஹெட்செட்டுக்குள் தெரியும் மெய்நிகர் உலகமாக, செய்து வருகிறோம். வெள்ளவத்தைத் தொடர்மாடியில் ஹெட்செட் போட்டு, கைக் கன்ட்ரோலரின் ஸ்டிக்கைத் தள்ளி நடந்து பார்த்தால் கொஞ்ச நேரத்திலேயே தலை சுற்றிச் சத்தி வரப் பார்க்கிறது. அதிர்வு ஜாக்கெட் வாங்கினால் சரியாகுமா?

ஜாக்கெட் காசை இப்போதைக்கு வைத்திருங்கள். காட்சியில் வரும் மோதல், வெடி போன்றவற்றை உடம்பில் உணரவைக்க அது நல்லது. உங்கள் சிக்கல் உடம்பின் அசைவை உணரும் உட்காதில். கண் ‘போகிறோம்’ என்கிறது, காது ‘நிற்கிறோம்’ என்கிறது. ஒரே வேகத்தில் நேராகப் போனால் நிஜத்திலும் உட்காதுக்கு எதுவும் தெரியாது. புறப்படும்போதும் நிற்கும்போதும் திரும்பும்போதும்தான் பிணக்கு. அதிலும் ஸ்டிக்கால் திரும்புவதுதான் ஆளைக் கவிழ்க்கும். ஆகவே அதை எடுத்துவிடுங்கள்; ஆள் உடம்போடு திரும்பட்டும். நிற்க முடியாதவருக்குச் சுழல் கதிரை போதும்.

அப்புறம் நடை. நின்ற இடத்தில் கால் தூக்கி வைத்தால் தலை ஏறி இறங்கும். ஹெட்செட் அதை ஏற்கெனவே அளக்கிறது. அதையே ஓர் அடியாகக் கணக்கெடுங்கள். கால் நின்றதும் காட்சியும் உடனே நிற்க வேண்டும், இழுபடக் கூடாது. காலடிக்காகக் கன்ட்ரோலரை அதிரவைப்பது எனக்குப் பிடிக்காது. கையில் அதிர்ந்தால் அது காலடியா? அறைக்குள் வளைந்து நடப்பவரை நேரே நடப்பதாக நம்பவைக்கும் உத்தியும் உண்டு. ஆனால் ஆள் கண்டுபிடிக்காமலிருக்க வளைவின் ஆரம் 22 மீட்டராவது வேண்டும் என்கிறது 2010இல் வந்த ஓர் ஆய்வு. வெள்ளவத்தையில் அப்படியொரு ஹோல் யாரிடம் இருக்கிறது!

ஹெட்செட் கண்ணை மறைத்திருக்க நின்ற இடத்தில் நடப்பவர் தெரியாமலே முன்னே நகர்ந்து சுவரில் முட்டுவார். அதற்குத் தும்புக் கால்மிதி ஒன்றைப் போட்டு, வெறுங்காலோடு நிற்கச் சொல்லுங்கள். விளிம்பு தட்டுப்பட்டால் கால் தானாகப் பின்வாங்கும்.

மிச்சக் காசுக்கு ஃபேன். 2017இல் வெளியான ஒரு பரிசோதனையில் முகத்தில் காற்றுப் பட்டவர்களுக்குக் குமட்டல் குறைந்தது. இருக்கையின் அதிர்வு கைகொடுக்கவில்லை. உங்களுக்கு இது இன்னும் வாய்ப்பு. பழைய பாராளுமன்றப் பக்கமிருந்து தெற்கே நடந்தால் கடல் வலப்பக்கம். கடற்காற்றுக்குப் பதிலாக ஃபேனையும் கால்மிதிக்கு வலப்பக்கமே வையுங்கள். நகரைப் பார்க்க இடப்புறம் திரும்பினால் காற்றுப் பிடரியில் படும்; வந்த வழியே திரும்பினால் இடக் கன்னத்தில். கடல் எந்தப் பக்கம் என்று தோல் சொல்லிக்கொண்டே இருக்கும். உடம்போடு திரும்பினால்தான் இது பொருந்தும், ஸ்டிக்கால் திரும்பினால் காற்றும் பொய்யாகிவிடும். ஃபேனின் தலையைச் சுழலவிடாமல் பூட்டிவையுங்கள், வயர் காலில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.