மரபணுச் சோதனை இருக்கும்போது குழந்தைக்கு நரம்பு, தசைச் சோதனை எதற்கு?

பாதம் தொங்கி அடிக்கடி தடுக்கி விழும் 6 வயதுக் குழந்தை என்றால், எந்த மரபணுவைத் தேடுவது என்று, நரம்பில் மின்சமிக்ஞை ஓடும் வேகத்தையும் தசையின் மின்செயல்பாட்டையும் அளக்கும் இந்தச் சோதனைதான் வழிகாட்டும். கையின் மீடியன் இயக்க நரம்பில் வேகம் நொடிக்கு 38 மீட்டருக்குக் கீழே இருந்து, மற்ற நரம்புகளிலும் சீராகக் குறைந்திருந்தால், நரம்பைச் சுற்றியுள்ள மயலின் உறை பழுதான, சார்கோ-மேரி-டூத் என்ற பரம்பரை நரம்பு நோயின் முதல் வகையைச் சந்தேகிக்கலாம். அப்போது முதலில் பார்க்க வேண்டியது, 17ஆம் குரோமோசோமில் பிஎம்பி22 மரபணு இரட்டித்திருக்கிறதா என்பது. மரபணுக்களின் எழுத்து வரிசையை வாசிக்கும் எக்ஸோம் சோதனை இதைத் தவறவிடக்கூடும், மரபணுவின் பிரதிகளை எண்ணும் எம்எல்பிஏ சோதனையைக் கேளுங்கள். வேகம் இடத்துக்கு இடம் மாறினால், மருந்துக்குக் கட்டுப்படும் சிஐடிபி போன்ற நரம்பு அழற்சி நோயை முதலில் விலக்க வேண்டும்.

இந்தச் சோதனையில் பிழைகள் பெரும்பாலும் சாதாரணக் காரணங்களால் வருபவை. ஏசி அறையில் தோல் 32 டிகிரிக்குக் கீழே குளிர்ந்தால் வேகம் பொய்யாகக் குறையும். கையையும் காலையும் முதலில் சூடாக்க வேண்டும். பிறந்த குழந்தையின் வேகம் பெரியவர்களுடையதில் பாதிதான், எனவே வயதுக்குரிய அளவோடுதான் ஒப்பிட வேண்டும். தசையில் ஊசி செலுத்திச் செய்யும் சோதனை கடைசியில். முதலிலேயே குத்தினால் பிள்ளை பிறகு ஒத்துழைக்காது.

தண்டுவட நரம்பணுக்கள் அழிந்து தசை நலியும் எஸ்எம்ஏ நோய் சந்தேகம் என்றால் இதற்காகக் காத்திருக்காதீர்கள், நேரே எஸ்எம்என்1 மரபணுச் சோதனைக்குப் போங்கள். டூஷேன் தசைச் சிதைவு நோய்க்கும் அப்படித்தான்: முதலில் தசை பழுதானால் இரத்தத்தில் உயரும் சிகே நொதி, பிறகு டிஸ்ட்ரோஃபின் மரபணு.